வானம் தெளிந்தால் யாருக்கு நல்லது?

எங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில்தான் எனக்குத் தெரிந்த மிகப் பழைய வானிலை நிலையம். ஐப்பசி முழுக்கத் தண்ணீராய் ஓடிய எண்ணெய், கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் காலை கவிழ்த்தாலும் இறங்காது. வெள்ளையாக உறைந்துபோய், தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் வரும். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கெட்டிப்படுகிற பொருள் அது. அம்மா அதைச் சுடுதண்ணீர்ச் சொம்புக்குள் நிறுத்திவிட்டு, “பனி எறங்கிடுச்சு” என்பார். அத்தோடு அறிவிப்பு முடிந்தது. அன்று மாலை பரணிலிருந்து போர்வைகள் இறங்கும்.

அன்றைய தொலைக்காட்சிச் செய்தியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

மழைக்காலத்தில் அப்படி இல்லை. வங்கக் கடலில் ஒரு சுழற்சி தலைகாட்டினால் போதும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மாவட்டங்களுக்கு நிறம் பூசி, மணிக்கொரு முறை வரைபடம் காட்டுகிறார்கள். எஸ்.ஆர்.ரமணன் சென்னை வானிலை மையத்தில் இருந்த காலத்தில் விடுமுறைக்காகப் பிள்ளைகள் அவர் முகத்தை எதிர்பார்த்துக் கிடந்தார்கள். அவர் 2016-இல் ஓய்வு பெற்றார். இன்று ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு ‘வெதர்மேன்’. இதைக் குறை சொல்வதற்கில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியதைப் பார்த்த நமக்கு மழை என்றால் அடிவயிறு கலங்கத்தான் செய்யும்.

என் குறை வேறு. மழை ஓய்ந்த அன்றே வானிலையும் ஓய்ந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு நமக்குக் கிடைப்பது ஒரே வாக்கியம்: வறண்ட வானிலை நிலவும், அதிகாலையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம் இருக்கும். டிசம்பர் பாதியில் வந்து உட்காரும் இந்த வாக்கியம் பிப்ரவரி வரை எழுந்திருப்பதில்லை. காவிரிப் படுகையில் சம்பா விளைவதும் சாவியாகப் போவதும் இந்த வாக்கியத்துக்குள்தான் நடக்கிறது.

இலையுதிர் காலம் முடிந்து குளிர்காலம் வரும் என்று பள்ளியில் படித்தோம். நம் ஊரில் பெரும்பாலான மரங்கள் இலை உதிர்ப்பதே மாசி, பங்குனியில்தான். அந்த இடத்தில் நம்மிடம் இருப்பது கூதிர்: ஐப்பசியும் கார்த்திகையும். அடுத்தது முன்பனி: மார்கழியும் தையும். அதன் பிறகு பின்பனி. தொல்காப்பியம் ஆண்டை ஆறாகப் பகுத்தபோது, பனிக்கு மட்டும் இரண்டு பங்கு கொடுத்திருக்கிறது. தெற்கே இன்றும் குளிரடித்தால் ‘கூதலடிக்கு’ என்பார்கள். மழையில் நனைந்து வந்து அடுப்படியில் கூதல் காய்வார்கள். ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர் கூதல். காற்று அடங்கி, வானம் வெளுத்து, மேலிருந்து இறங்குவது பனி. இரண்டும் வேறு என்று உடம்புக்குத் தெரியும்.

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். நாடு முழுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கோடு நம் மார்கழியின் நட்டநடுவில் விழுகிறது. மார்கழிப் பாதி வரை மழைக்காலம், ஆங்கிலப் புத்தாண்டு விடிந்ததும் குளிர்காலம்!

மார்கழி விடியற்காலையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மூன்று ஊர் தள்ளி இருக்கிற கோயிலின் ஒலிபெருக்கி பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்கும். சித்திரையில் அதே ஒலிபெருக்கி அடுத்த ஊருக்கே சரியாகக் கேட்காது. பக்தி கூடியதால் சத்தம் கூடவில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே இருக்கிற காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. வழக்கமான அடுக்கு தலைகீழாகிவிடுகிறது. மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வருகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி. தரைச் சூடு அவ்வளவு எளிதில் தப்பாது. அதனால்தான் மூடாக்குப் போட்ட இரவில் பனி குறைவாகவும், நட்சத்திரம் கொட்டிக்கிடக்கும் இரவில் அதிகமாகவும் இறங்குகிறது.

இதே தலைகீழ் அடுக்குதான் போகிப் புகையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2018 போகி அன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமானதும், சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதும் நினைவிருக்கும். பழைய டயரைக் கொளுத்தியவர்கள்மேல் எல்லாருக்கும் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். அதே டயரை ஆடிக் காற்றில் கொளுத்தியிருந்தால் புகை பாதிக்குமேல் பறந்துபோயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த இரவில் புகை எழும்பாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும். ‘கொளுத்தாதீர்கள்’ என்று ஆண்டுதோறும் ஒரே மாதிரி சொல்வதைவிட, ‘இந்த ஆண்டு போகி விடியலில் காற்று அசையாது’ என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் பேர் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

வயலுக்கு வருகிறேன். மழை அடித்து நின்ற வயலில் தண்ணீர் நிற்கிறது. காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது. வானம் தெளிந்த முதல் இரவு, அத்தனை ஈரமும் பயிர்மேல் இறங்குகிறது. விடியற்காலையில் வரப்பில் நடந்தால் முழங்கால் வரை வேட்டி நனைந்துவிடும். சிலந்தி வலை ஒவ்வொன்றும் வெள்ளைக் கைக்குட்டை காயப்போட்டது மாதிரி கதிர்களுக்கு நடுவே தொங்கும். படம் எடுக்க அழகான காட்சி. என் சித்தப்பா அந்த அழகை ரசிப்பதில்லை. குனிந்து கதிரின் கழுத்தைப் பார்ப்பார்.

குலைநோய் பூஞ்சணத்துக்கு வேண்டியது மூன்று: இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், இலையும் கதிரும் பல மணி நேரம் நனைந்தே இருக்க வேண்டும். இவை மூன்றையும் சேர்த்து ஒரே தட்டில் பரிமாறுவது மார்கழி. யூரியாவை அள்ளிப் போட்ட வயலாக இருந்தால் விருந்து இன்னும் பலம். சம்பாவில் விரும்பிப் போடுகிற பி.பி.டி. 5204 என்கிற ஆந்திரா பொன்னி இந்த நோய்க்குச் சீக்கிரம் இடம்கொடுக்கும் ரகம். நன்றாகக் கதிர் விட்டு நிற்கும் பயிரின் கழுத்து ஒரு வாரத்தில் கறுத்து ஒடிந்து தொங்கும். உள்ளே பால் ஏறாது. அறுத்துத் தூற்றினால் சாவிதான் பறக்கும்.

இதில் முக்கியமானது ஒன்று உண்டு. கழுத்து கறுத்த பிறகு எந்த மருந்தை அடித்தும் பயனில்லை. பூட்டை வெளிவரும் நேரத்தில், நோய் தெரிவதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும். அப்படியென்றால் விவசாயிக்கு வேண்டிய தகவல் எது? வரும் நான்கைந்து இரவுகளில் வானம் தெளிவாக இருக்குமா, எத்தனை மணிக்குப் பனி இறங்கும், காலையில் எத்தனை மணி வரை பயிர் நனைந்திருக்கும். ‘ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம்’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பயத்தில் தேவையில்லாதபோதும் மருந்து அடிக்கிறார். இல்லாவிட்டால் அடிக்காமல் விட்டுவிட்டுத் தலையில் கைவைக்கிறார். இரண்டுமே நட்டம்.

தப்பித்து வந்த நெல்லையும் பனி விடுவதில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். ‘மாய்ச்சர்’ என்பது இன்று டெல்டாவில் ஒவ்வொரு கிழவிக்கும் தெரிந்த வார்த்தை. தை மாதத்தில் ஒரு கொள்முதல் நிலையத்து வாசலில் சித்தப்பாவோடு இரண்டு நாள் இருந்திருக்கிறேன். முதல் நாள் மாலை வெயிலில் நெல் நன்றாகக் காய்ந்து, கையில் அள்ளினால் சலசலத்தது. வரிசை வரவில்லை. இரவு அம்பாரத்தின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அங்கேயே படுத்தோம். விடியும்போது தார்ப்பாயின் அடிப்பக்கத்திலும் முத்து முத்தாகத் தண்ணீர். ஓரத்து நெல் சில்லென்று நமத்துப்போயிருந்தது. எட்டரை மணிக்குக் கருவியில் வைத்துப் பார்த்தால் 18-ஐத் தாண்டிக் காட்டியது. “காயப்போட்டு எடுத்துட்டு வாங்க” என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, விதி அப்படி. பத்து மணிக்கு மேல்தான் வெயிலுக்கு உறைப்பு வந்தது. காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டே சித்தப்பா சொன்னார்: “நேத்து சாயங்காலம் இது நல்ல நெல்லு தம்பி. ராத்திரியில என்ன கெட்டுப்போச்சு அது?”

மழையில் நெல் நனைந்தால் தலைவர்கள் அறிக்கை விடுகிறார்கள், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைக் கையில் ஏந்திப் பார்க்கிறது, ஈரப்பதத் தளர்வு கேட்டுக் கடிதம் போகிறது. பனியில் நனைந்த நெல்லுக்குக் குழுவும் இல்லை, கடிதமும் இல்லை. பனி பேரிடர் கணக்கில் வராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிற திருடனைப் பிடிக்க யாரும் வருவதில்லை. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் உலர்த்தும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்ற பழைய கோரிக்கையை மழையோடு மட்டும் முடிச்சுப்போடுவதால்தான் அது மழை நின்றதும் மறந்துபோகிறது. மார்கழியும் தையும் ஆண்டு தவறாமல் வருகின்றன.

பனி எல்லாருக்கும் எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் கொண்டைக்கடலையும் மல்லியும் மழை நின்ற பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் நம்பித்தான் விளைகின்றன. கடலைச் செடிமேல் இரவில் வெள்ளைத் துணியை விரித்துவைத்து, விடியற்காலையில் அதில் ஊறிய புளிப்பு நீரைப் பிழிந்தெடுத்து வயிற்றுக்கோளாறுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. டெல்டாவிலேயே சம்பா அறுப்புக்கு முன் ஈர வயலில் தெளிக்கிற உளுந்தும் பயறும் பனியில் தலையெடுப்பவைதான். மாமரம் பூக்க இந்தக் குளிர் வேண்டும். ஆனால் பூத்த பிறகு மூடுபனி நின்றால் பூ கருகும். மல்லிகைக்கோ ஆகவே ஆகாது. மொட்டுச் சிறுத்து, வரத்துக் குறைந்து, மதுரைச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். பூக்காரம்மாவிடம் காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: “பனிம்மா.”

நீலகிரியில் இது வேறு மாதிரி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டி, காந்தல், தலைகுந்தா பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி விழுகிறது. புல்வெளி வெள்ளைக் கம்பளமாகத் தெரியும் படத்தைப் போட்டு, ‘குட்டி காஷ்மீர்’ என்று தலைப்பு வைக்காத பத்திரிகை இல்லை. நாமும் அந்தப் பாவத்தில் பங்குதாரர்கள். பக்கத்திலேயே தேயிலைக் கொழுந்து வெந்ததுபோலக் கருகி நிற்பது அந்தப் படத்தில் வராது. செடிகளைத் தழையால் மூடியும், வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவியும் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஒரு சண்டை நடக்கும். அதிகாரபூர்வ வெப்பநிலை 3 டிகிரி என்று வரும். ‘வண்டிமேல் ஐஸ் கட்டியிருக்கிறது, பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் எப்படி?’ என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், வெள்ளையடித்த சன்னல் பலகைப் பெட்டிக்குள் இருக்கிறது. ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. ‘புதையல் தீவு’ எழுதிய ஆர்.எல்.ஸ்டீவன்சனின் அப்பா. தெளிந்த இரவில் அந்த நாலடிக்குக் கீழே, புல்நுனியில், சில டிகிரி குறைவாகவே இருக்கும். மனிதனின் நெஞ்சு உயரத்தில் அளந்த குளிரைச் செய்தியில் சொல்கிறோம். கேரட்டும் தேயிலையும் வாழ்வது அதற்குக் கீழே.

அளவுகோல் இன்னோர் இடத்திலும் நம்மை விட்டுவிடுகிறது. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்கு இறங்கினால்தான் ‘குளிர் அலை’ என்ற பேச்சே எழும். கடலோரத்துக்கு 15 டிகிரி. சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே வட இந்தியாவுக்குப் பொருந்தும் அந்த இலக்கணப்படி நம் ஊரில் குளிர் என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் கிழிந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் பெரியவருக்கு 19 டிகிரி ஈரப்பனி என்ன செய்யும் என்பதை, மார்கழியில் இழுப்புக்காரர்கள் நிறைந்திருக்கும் எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் பார்க்கலாம். டெல்லி விமான நிலையத்தில் 2015 குளிர்காலத்திலிருந்து மூடுபனியைக் கருவி வைத்து ஆராய்கிறார்கள். அங்கே விமானம் நிற்கிறது, காரணம் இருக்கிறது. இங்கே தஞ்சாவூர் சாலையில் பால் வண்டிக்காரர் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு குத்துமதிப்பாக ஓட்டுகிறார்.

மழை எப்போது நிற்கும் என்பதிலும் நமக்குப் பழைய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை. ஆனால் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் 1964 டிசம்பர் 22, 23-இல் வந்தது, அது மார்கழி. கடலூரைச் சாய்த்த தானே புயல் 2011 டிசம்பர் 30. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது 2023 மார்கழி முதல் தேதியைத் தொட்டு. 2021-இல் பருவமழை ஜனவரி 19 அன்றுதான் விலகியது. அதற்குள் விளைந்து சாய்ந்த நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடுவது இப்போது வசதியாக இருக்கிறது. 1964-ஐ யார் தலையில் கட்டுவது? பழமொழி ஒரு சராசரி. சராசரிக்கு மேல் கட்டிய வீடு அவ்வப்போது ஒழுகும். அப்படியும் என் பாட்டி வைத்திருந்த இன்னொரு மொழியை விட மனம் வரவில்லை: தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். பகல் வெயில் ஏறினாலும் இரவுப் பனி ஓய்ந்துவிடாது என்று சொன்னவர் வரப்பில் நடந்தவராகத்தான் இருக்க வேண்டும். மார்கழிக் கர்ப்போட்ட நாள்களில் மேகத்தைப் பார்த்து அடுத்த ஆண்டு மழையைக் கணிக்கிற கணக்கை நான் நம்புவதில்லை. ஆனால் பதினான்கு நாள் தொடர்ந்து விடியற்காலையில் எழுந்து வானத்தைப் பார்க்கிற மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. காலை, மாலை ஈரப்பதம்கூட அதில் இருக்கிறது. ஆனால் அது மாவட்டத்துக்கு ஒன்று. வேதாரண்யத்து உப்புக்காற்றும் கீழ்வேளூர் வயலும் ஒரே எண்ணுக்குள் அடங்குமா? வட்டார அளவில் அறிக்கை தயாரித்துவந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை நாடு முழுவதும் மூடச் சொல்லி 2024-இல் உத்தரவு போனது. எந்தத் திசையில் போகிறோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தமிழக அரசு கையில் எடுத்த திட்டத்தில் தானியங்கி மழைமானிகள் 1,400, தானியங்கி வானிலை நிலையங்கள் 100. மழைமானி மழையை மட்டும் அளக்கும். மழை நின்ற மறுநாள் முதல் அந்த 1,400-க்கும் அடுத்த மழை வரை பெரிய வேலையில்லை. அவற்றில் பத்தில் ஒன்றிலாவது ஒரு வெப்பமானியும் இலை ஈரம் காட்டும் சிறு கருவியும் மாட்டினால் குலைநோய் எச்சரிக்கையை ஃபிர்க்கா வாரியாகக் கொடுக்கலாம். கோடிக்கணக்கில் செலவாகிற விஷயமில்லை இது. பனியும் வானிலைதான் என்று ஒப்புக்கொண்டால் நடந்துவிடும்.

போன மார்கழியில் ஒருநாள் இரவு எட்டு மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். கதிர் பாதி வெளியே வந்து நிற்கிறது, நாளைக்கு மருந்தடிக்க ஆளுக்குச் சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்டார். “மெட்ராஸ்ல இருக்கே, போன்ல என்னமோ பாப்பியே, பாரு தம்பி.” பார்த்தேன். அவர் ஊர்ப் பெயரைப் போட்டால் மாவட்டத் தலைநகரைக் காட்டியது. நிலாவும் நான்கு நட்சத்திரமும் போட்ட அழகான படம். கீழே, ‘தெளிவான வானம்’. சென்னைக்காரனுக்கு அது நல்ல செய்தி.

“வானம் தெளிவா இருக்குமாம் சித்தப்பா” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப ஆளுக்குச் சொல்லிட வேண்டியதுதான்” என்று வைத்துவிட்டார்.